மூன்று விரல் துத்தம்

ஓடைப்பட்டிக்குக் கடல் மூட்டையில் வந்தது. மூட்டைக்கு இருபது கிலோ உப்பு, நாலு மூட்டை. சென்னையிலிருந்து சின்னமனூர் வரை லாரி சர்வீஸ். அங்கிருந்து, திராட்சையை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய மினி லாரியில் ஏறி, ஈஸ்வரபாண்டியின் புது வீட்டுப் பின்வாசலில் இறங்கியது. தோளில் சுமந்து இறக்கிய குருசாமி கடைசி மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, உப்புத்தான? நம்ம கடைவீதியிலயே கெடைக்குமே. இதுக்கா சென்னைக்குப் போன் போட்டாக?"

"இது வேற உப்பு."

"வேறன்னா?"

"வேறப்பா. விடு."

சுபாஸ்ரீக்கு அப்பாவிடம் விளக்கம் சொல்லப் பொறுமை கிடையாது. ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலு வரும். கல்லூரி நாட்களிலிருந்தே அப்படித்தான். தூத்துக்குடியிலிருந்து லீவுக்கு வந்தால், "என்ன படிக்கிற?" என்பார். "கடல் உயிரியல்" என்பாள். "மீன் பிடிக்கிறதா?" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

குருசாமி இருபத்திரண்டு வருஷமாக ஈஸ்வரபாண்டியின் திராட்சைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர். கவாத்து முடிந்து தளிர் விட்டால் என்ன மருந்து, மழை பெய்து இலையில் பூசணம் விழுந்தால் என்ன மருந்து என்பதெல்லாம் அவருக்குக் கைப்பாடம். அளவு சாதனம் எதுவும் தேவையில்லை. விரல்தான் அளவு. அவருடைய மகள் அந்தத் தெருவிலேயே முதலில் டிகிரி வாங்கியவள். வாங்கிவிட்டு ஒன்றரை வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். கம்பம் பள்ளத்தாக்கில் கடல் படித்தவளுக்கு யார் வேலை வைத்திருக்கிறார்கள்? "மேகமலை மேல ஏறி நின்னு பாரு, அங்கன கடல் தெரியுதான்னு" என்று பஸ் ஸ்டாப்பில் கேலி பேசினார்கள். அவள் திரும்பி நின்று, "தெரியல. ஒங்க வீட்டுக் கடன்தான் தெரியுது" என்றாள். அதற்குப் பிறகு கேலி அவள் காதுக்கு வந்து சேரவில்லை.

ஈஸ்வரபாண்டி கொச்சிக்குப் போனபோது அங்கே திராட்சை எடுக்கும் மொத்த வியாபாரி வீட்டு ஹாலில் ஒரு தொட்டியைப் பார்த்திருக்கிறார். எட்டடி நீளம். உள்ளே கடல் அப்படியே இருந்ததாம். பவளம், பூ மாதிரி அசையும் பிராணிகள், அதற்குள் நுழைந்து நுழைந்து வரும் மீன்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. புது வீடு கட்டி முடித்ததும் முதல் காரியமாகக் குருசாமியைக் கூப்பிட்டார்.

"குருசாமி, ஒன் மக கடலத்தான படிச்சிருக்கு? வரச் சொல்லு."

அவள் போனாள். பின்வாசல் வழியாகத்தான். எட்டடித் தொட்டி முடியும், ஆனால் குறைந்தது மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்றாள். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னாள். ராமேஸ்வரம் போகும் வழியில், மண்டபம் ஊர்ப் பக்கத்தில் பவளம் வளர்க்கும் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் எடுக்கிறார்கள். உயிருள்ள பவளத்தோடு ஒரு கடல்தொட்டியை ஒரு வருஷம் பராமரித்த அனுபவம் வேண்டும், தொட்டிக்காரர் கடிதம் வேண்டும், நேர்காணல் அன்றைக்குத் தொட்டியையும் காட்ட வேண்டும்.

"எனக்கு அந்தக் கடிதம் வேணும் சார்."

"சம்பளத்தக் கேப்பேன்னு பாத்தா காயிதத்தக் கேக்குற!" ஈஸ்வரபாண்டி தொடையைத் தட்டிச் சிரித்தார். "தந்துட்டாப் போச்சு."

குருசாமி படிக்குக் கீழே நின்று அவளை முறைத்தார். மொதலாளி என்று சொல்ல வேண்டிய இடத்தில் சார் என்கிறாளே என்று.

தொட்டி எழும்பிய கதையை அந்த வீட்டில் இன்றைக்கும் வேறு மாதிரித்தான் சொல்வார்கள். "நாங்க கட்டுனோம்" என்பார்கள். கட்டியவள் அவள். இரும்புச் சட்டம் சின்னமனூர் பட்டறையில் அவள் நின்று வெல்டிங் வைத்தது. முன்கண்ணாடியைத் தூக்க எட்டுப் பேர், அந்த எட்டுப் பேரையும் திட்டியது அவள். தொட்டிக்குப் பின்னால் சுவரை உடைத்து, பின் அறையில் அடித்தொட்டி வைத்தாள். மேலிருந்து வழியும் தண்ணீர் அங்கே இறங்கும், அழுக்கு நுரையாகப் பிரியும், சுத்தமானது பம்பில் ஏறி மறுபடி மேலே போகும். போர் தண்ணீர் ஆகாது. அதைச் சல்லடை மாதிரி நான்கு வடிப்பானில் வடித்து, வெறும் தண்ணீராக்கி, பிறகு அதில் உப்பைக் கரைத்தாள்.

ஆறு வாரம் தொட்டியில் ஒன்றுமே இல்லை. பாறையும் மணலும் தண்ணீரும்தான். கண்ணுக்குத் தெரியாத கிருமி அதில் குடியேற வேண்டும், அதுதான் பின்னால் வரும் உயிர்களின் கழிவைத் தின்னும். விருந்தாளிகள் வந்து பார்த்துவிட்டு, "மீன் எங்கண்ணே?" என்பார்கள். "படிச்ச பிள்ளை வளக்குது, கண்ணுக்குத் தெரியாது" என்பார் ஈஸ்வரபாண்டி. ஹால் முழுக்கச் சிரிப்பு. சுபாஸ்ரீ பின் அறையில் சோதனைக் குழாயைக் குலுக்கிக்கொண்டே அதைக் கேட்பாள்.

பவளம் வாங்கும் நேரத்தில் ஒரு சண்டை.

"ராமேஸ்வரத்துல கூடை கூடையாக் கெடைக்குமாம்ல? டிரைவர அனுப்பவா?"

"கடல்ல பிடுங்குனது எதுவும் இந்தத் தொட்டிக்குள்ள வராது சார். அங்கன கூடையும் கெடைக்கும், ஜெயிலும் கெடைக்கும்."

சென்னையில் ஒருவர் தொட்டியிலேயே வெட்டி வளர்த்த மென்பவளங்களை ரசீதோடு வாங்கினாள். சுண்டுவிரல் அளவுத் துண்டுகள். அவற்றைப் பாறையில் ஒட்டிவிட்டுக் காத்திருந்தாள். பிறகு மீன்களையும் நத்தைகளையும் இறால்களையும் விட்டாள். ஒரு வருஷத்தில் அந்தத் துண்டுகள் பாறையை மூடின. காளான் மாதிரி ஒன்று, கைவிரல் மாதிரி ஒன்று, பொத்தான் பொத்தானாக ஆரஞ்சும் பச்சையுமாக ஒன்று. மதியம் விளக்கு ஏறும்போது ஒவ்வொன்றாக விரியும். ஓடைப்பட்டியில் சித்திரை வெயில் கூரையைப் பொசுக்கிய நாட்களில் தண்ணீர் இருபத்தாறு டிகிரியைத் தாண்டாமல் காத்தாள். காற்றுக் காலத்தில் மூன்று மணி நேரம் கரண்ட் போனபோது பேட்டரியோடு உட்கார்ந்திருந்தாள். தினமும் காலையும் மாலையும் உப்பளவு, வெப்பம், சுண்ணாம்பு எல்லாம் நோட்டில் ஏறின. இரண்டு நோட்டு நிரம்பி மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது.

மண்டபத்திலிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமை மதுரையில் எழுத்துத் தேர்வு, ஞாயிறு செய்முறை. வியாழக்கிழமை வீடியோவில் தொட்டியைப் பார்ப்பார்கள்.

அதே ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரபாண்டியின் மகள் கயலைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அந்த வாரம் பார்த்து முன்கண்ணாடியில் பச்சையாகப் பாசி படர்ந்திருந்தது. கிளம்பும் அவசரத்தில் சுபாஸ்ரீ பாதியைத்தான் துடைத்தாள்.

"அக்கா, மிச்சத்த நான் வந்து பாத்துக்கிடுறேன். பாசி ஒண்ணும் செய்யாது. யாரும் கையவோ துணியவோ உள்ள விடாதீக. சோப்பு, பினாயில் எதுவும் பக்கத்துல வேணாம்" என்று ஈஸ்வரபாண்டியின் மனைவி முத்துலட்சுமியிடம் இரண்டு தடவை சொன்னாள். ஈஸ்வரபாண்டியிடமும் சொன்னாள். அவர் போனில் பேசிக்கொண்டே தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அந்த வீட்டுக்குத்தான் வந்தாள். பின் அறைக் கதவைத் திறந்ததும் நாற்றம் மூக்கில் அடித்தது. அழுக்கு நுரை சேரும் குடுவை நிரம்பித் தரையெல்லாம் வழிந்திருந்தது. ஹாலுக்கு ஓடினாள்.

கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஒரு பொட்டுப் பாசி இல்லை.

உள்ளே, பாறையெல்லாம் சளி. விரல் பவளம் கூழாகி ஒழுகிக்கொண்டிருந்தது. காளான்கள் சுருங்கிக் கறுத்துக் கிடந்தன. நத்தைகள் மணலில் குப்புற விழுந்திருந்தன. சுத்தம் செய்யும் சின்ன இறால்கள் இரண்டும் வெளுத்து மூலையில் ஒதுங்கியிருந்தன. மீன்கள் மட்டும் ஒன்று விடாமல் நீந்திக்கொண்டிருந்தன. அவளைப் பார்த்ததும் தீனிக்காகக் கண்ணாடிப் பக்கம் ஓடிவந்தன.

அதைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. மீனை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கொல்கிற சாமான் ஒன்றுதான். சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சோதனை மருந்து நாலு சொட்டு விட்டாள். நீலம் ஏறியது. செம்பு.

தோட்டத்துக்குப் போனாள். பந்தலுக்கு அடியில் குருசாமி மருந்துத் தொட்டியில், செம்பு கலந்த மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்தத் தொட்டியில துத்தம் போட்டியா?"

"ஆமாத்தா." அவர் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. "சனிக்கெழம சாயங்காலம் மொதலாளி கூப்ட்டு, விடிஞ்சா ஆளுக வாராக, கண்ணாடி பச்சையாக் கெடக்கு, தோட்டத்துத் தொட்டிக்குப் போடுறதக் கொஞ்சம் போடுன்னாக. நான் ரொம்பக் கம்மியாத்தேன் போட்டேன். மூணு வெரல்ல ஒரு கிள்ளு. சொம்புத் தண்ணியில கரைச்சு ஊத்துனேன். மீனுக்கு ஒண்ணும் ஆவலல்ல?"

"மீனுக்கு ஒண்ணும் ஆகல."

"பாத்தியா."

"மத்ததெல்லாம் செத்துப்போச்சு."

"மத்தது எது?"

"பவளம்."

குருசாமி கலக்குகிற கம்பை நிறுத்தினார். "அந்தக் கல்லா?"

சுபாஸ்ரீக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவும் செய்தாள். "கேக்கணும்லப்பா! எனக்கு ஒரு போன் போட்டுக் கேக்கணும்ல!"

"நீ பரிச்சையில இருந்த." அவர் குரல் தாழ்ந்தது. "அதுவுமில்லாம, அதப்பத்திக் கேட்டா ஒனக்குப் பிடிக்காதே."

அவர் சொன்னது உண்மை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அன்றும் மறுநாளும் தண்ணீரை மாற்றினாள். கரியைப் போட்டு வடித்தாள். கரைந்த செம்பு இறங்கியது. ஆனால் பாறையும் மணலும் குடித்த செம்பு போகாது, வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பாறையில் இனி ஒரு நத்தைகூடப் பிழைக்காது. ஈஸ்வரபாண்டியிடம் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லிவிட்டுப் போன குஷியில் இருந்தார்.

"இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? அவுக தொட்டியப் பாத்துட்டு என்ன சொன்னாக தெரியுமா? கண்ணாடி இருக்குதா இல்லையான்னே தெரியலைன்னாக."

"நீங்க சொல்லித்தான் அப்பா துத்தம் போட்டாரு."

"நான் சுத்தம் பண்ணத்தான் சொன்னேன். என்னத்தப் போடணும்னு அவனுக்குல்ல தெரியணும்?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "சரி விடு. ஒனக்குக் காயிதம்தான வேணும்? எழுதி வையி, கையெழுத்துப் போடுறேன். பவளத்துக்கு வேற ஏற்பாடு பண்ணியாச்சு."

ஏற்பாடு புதன்கிழமை மதுரையிலிருந்து வந்தது. அட்டைப் பெட்டியில் பிளாஸ்டிக்கில் வார்த்த போலிப் பவளங்கள், ரோஸ், ஊதா, மஞ்சள். அவள் சாப்பிடப் போன நேரத்தில் டிரைவரை விட்டு உள்ளே அடுக்கிவிட்டார்கள். "முன்ன இருந்ததக் காட்டியும் இதுதான் கலரா இருக்கு" என்றாள் முத்துலட்சுமி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே அப்படித்தான் தெரிந்தது.

"போன்ல பாக்குறவுகளுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போவுது?" என்றார் ஈஸ்வரபாண்டி. "அப்படியே கண்டுபிடிச்சாலும், வேலைக்காரன் தெரியாமப் போட்டுட்டான்னு சொல்லு. குருசாமி, நாளைக்கு நீயும் வந்து நில்லு."

"சரிங்க மொதலாளி" என்றார் குருசாமி.

வியாழன் பதினோரு மணிக்குப் போன் வந்தது. ஈஸ்வரபாண்டி வெள்ளைச் சட்டையில் சோபாவில் இருந்தார். கையெழுத்துப் போட்ட கடிதம் டீப்பாயில் இருந்தது. குருசாமி பின்பக்க நிலைப்படியில், கால் ஹாலுக்குள் படாமல் நின்றார். திரையில் ஆய்வுக்கூடத்துப் பொறுப்பாளர், இவாஞ்சலின் என்று பெயர் சொன்னார். நரைத்த குட்டை முடி, மூக்குக்கண்ணாடி.

"நீங்க அனுப்புன நோட்டுப் பக்கமெல்லாம் பாத்தேன் சுபாஸ்ரீ. ஒரு நாள்கூட விடாம எழுதியிருக்கீங்க. சரி, தொட்டியக் காட்டுங்க."

போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள். ஒரு நொடி யோசித்தாள். தூரத்தில் வைத்தே காட்டினால் ஒருவேளை தப்பிக்கலாம். பிறகு கண்ணாடிக்கு வெகு அருகில், ரோஸ் பவளத்துக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தாள்.

"இது பிளாஸ்டிக் தான?" என்றார் இவாஞ்சலின்.

"ஆமா மேடம். பவளம் செத்துப்போச்சு. சனிக்கிழமை செம்பு கலந்துருச்சு. நான் மதுரையில இருந்தேன். திங்கட்கிழமை அளந்தப்ப லிட்டருக்குப் பாயிண்ட் நாலு மில்லிகிராம் இருந்தது."

ஈஸ்வரபாண்டி சோபாவில் நிமிர்ந்தார்.

"என்ன செஞ்சீங்க?"

"மூணு தடவை தண்ணி மாத்துனேன். கரி போட்டேன். தண்ணியில இறங்கிருச்சு. பாறையத் தூக்கித்தான் போடணும்."

"ஆமா, தூக்கித்தான் போடணும். செம்பு எப்படி வந்துச்சு?"

நிலைப்படியிலிருந்து குருசாமியின் குரல் வந்தது. மருந்து மோட்டார் சத்தத்தில் பேசிப் பழகிய உரத்த குரல். "நாந்தேன் தாயி போட்டேன். தெரியாமப் போட்டுட்டேன். மொதலாளி ஒண்ணும் சொல்லல. பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல."

"பாவம், படிக்காத ஆளு மேடம்" என்றார் ஈஸ்வரபாண்டி.

"பொய்" என்றாள் சுபாஸ்ரீ. "இவரு சொல்லித்தான் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற எங்கப்பா துத்தம் போட்டாரு. இவரு இங்கயே உக்காந்துக்கிட்டு எங்கப்பாவப் படிக்காத ஆளுங்கிறாரு."

இவாஞ்சலின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "யார் சொன்னா, யார் போட்டாங்கிற பஞ்சாயத்து எனக்கு வேணாம்மா. நீங்க யார் யார்கிட்ட எச்சரிக்கை பண்ணிட்டுப் போனீங்க?"

"வீட்டுக்காரங்க ரெண்டு பேர்கிட்டயும்."

"செம்பு ஆகாதுன்னு சொன்னீங்களா?"

"எதையும் உள்ள விடக்கூடாதுன்னு சொன்னேன்."

"துத்தம் கையில வச்சிருக்கிற மனுசன் உங்க வீட்டுலயே இருக்காரு. அவர்கிட்ட?"

சுபாஸ்ரீ நிலைப்படிப் பக்கம் பார்த்தாள். "சொல்லல" என்றாள்.

"இங்க எங்க தொட்டிகளச் சுத்தி முப்பது பேரு வேலை செய்றாங்க. மீன்பிடிக்கப் போனவங்க, பெருக்குறவங்க. அவங்க கை படாம ஒரு நாள் ஓடாது. அவங்களுக்கு விளங்குற மாதிரி சொல்லத் தெரிஞ்ச ஆள்தான் எனக்கு வேணும்." கடுமையாகச் சொல்லவில்லை. "உயிருள்ள தொட்டி இல்லாம விதிப்படி நான் எடுக்கவும் முடியாது. உண்மையச் சொன்னீங்க, அத எழுதி வைக்கிறேன். அடுத்த வருஷம் விளம்பரம் வரும். பாருங்க."

அடுத்த வருஷம். எந்தத் தொட்டியை வைத்துக்கொண்டு? யார் வீட்டு ஹாலில்? போனை அணைத்துவிட்டு அவள் அப்படியே நின்றாள்.

ஈஸ்வரபாண்டி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். டீப்பாயில் இருந்த கடிதத்தை எடுத்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டே என்னையச் சொல்லிப்புட்ட. நல்லாருத்தா." பிறகு நிலைப்படிப் பக்கம் திரும்பினார். "குருசாமி, ரெண்டாம் பந்தலுக்கு மருந்து கலக்கியாச்சா?"

"கலக்கி வச்சிட்டேன் மொதலாளி."

"பொழுது சாயுறதுக்குள்ள அடிச்சு முடி."

குருசாமி மகளைப் பார்க்காமல் படி இறங்கிப் போனார். மருந்து அடிக்கத் தெரிந்த ஆளை ஈஸ்வரபாண்டி விட மாட்டார். இவரும் விட்டுப் போக மாட்டார். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கெட்டுப்போனது ஒன்றுமே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் குருசாமி குளித்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தார். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் கேரளாவுக்குப் போயிருந்த அம்மா சண்முகத்தாய் இன்னும் திரும்பவில்லை. பகல் முழுக்கச் சேர்த்து வைத்த வார்த்தைகளோடு சுபாஸ்ரீ கதவருகே நின்றிருந்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"அந்தம்மா கடைசியாப் பேசுனது எனக்கு வெளங்கல. எப்ப வரச் சொன்னாக?"

"எங்க?"

"வேலைக்குத்தேன். நாந்தேன் போட்டேன்னு சொல்லிட்டம்ல. ஒம்மேல தப்பில்லைன்னு ஆகிப்போச்சுல்ல."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை ரிசல்ட் வரும் நாட்களில் பார்ப்பது போல. சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட அவளுக்கு உதவவில்லை.

"வேலை கெடைக்காதுப்பா."

"ஏன்?"

"அது கல்லு இல்ல. உசுரு. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு வாய் இருக்கு. வாயச் சுத்திக் கை இருக்கு, அத வச்சு இரை பிடிச்சுத் திங்கும். துத்தம் பட்டா பூசணம் எப்படிச் சாகுதோ, அதே மாதிரி அதுவும் செத்துப்போகும். மீனுக்கு அந்த அளவு தாங்கும். அதுக்குத் தாங்காது."

"அந்த ஆரஞ்சா இருந்துச்சே, அதுக்குமா வாய்?"

"அதுக்கும்."

"ராத்திரி மூடிக்கிடுமே, அது ஒறங்குறதா?"

"அப்படி வச்சுக்க."

கேட்டுக்கொண்டே போனார். ஒரு வருஷம் அடைத்து வைத்திருந்த கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல, இது அப்படியொன்றும் விளங்காத விஷயம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

குருசாமி நீளமாக மூச்சு விட்டார். "அம்புட்டையும் கொன்னுபுட்டேனா" என்றார். பிறகு, "அப்ப மொதலாளிக்கும் இது தெரியாதுல்ல?" என்றார். "தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டாகல்ல. பெறகு எதுக்குத்தா அந்தம்மாகிட்ட அவுகள இழுத்துவிட்ட? விடிஞ்சு போயி ஒரு வார்த்தை மன்னிச்சுக்கங்கன்னு..."

"போக மாட்டேன்."

"ஒரு வார்த்தைதான்."

"அவரு ஒன்னைய வேலைக்காரன் தெரியாமப் போட்டுட்டான்னு சொல்லச் சொன்னாரு. நீயும் சரின்ன. அவருக்காக நீ பொய் சொன்ன."

"ஒனக்காகத்தேன் சொன்னேன்."

"எனக்காகன்னா உண்மையச் சொல்லியிருக்கணும்."

தெருமுனையில் ஜீப் நின்று ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டது. குருசாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சரி, நீ வர வேணாம். நானே விடிஞ்சு போயி சொல்லிக்கிடுறேன், பிள்ளை கோவத்துல பேசிருச்சுன்னு."

"கோவத்துல பேசல" என்றாள் சுபாஸ்ரீ. "யோசிச்சுத்தான் பேசுனேன். அதையும் சேத்துச் சொல்லு."

அவர் சாப்பாட்டு வாளியோடு வரும் அம்மாவுக்கு எதிரே நடந்தார். விடிந்ததும் போவார். போய், கோவத்துல பேசிருச்சு என்றுதான் சொல்வார்.